பாலிக்கு கெளம்பி பினாங்குல போய் நின்னது

ஜூலை 7, 2025, திங்கக்கெழமை. சாயங்காலம் 4:50க்கு கோலாலம்பூர்ல இருந்து பாலிக்கு ப்ளைட். நானும் என் ரூம்மேட்டும் ரெண்டு மணிக்கே டெர்மினல் 2க்கு வந்துட்டோம், ஆளுக்கு ஒரு பேக்பேக், ஏழு கிலோவுக்குள்ள இருக்கணும்னு ராத்திரி முழுக்க சட்டைய எடுத்து வெளிய வச்சு மறுபடி உள்ள வச்சுன்னு பேக் பண்ணது. ஒரு வருஷமா சேத்த காசு. நான் ட்யூஷன் எடுத்தேன், அவன் வீக்கெண்ட்ல கேட்டரிங் வேலைக்கு போனான், வீட்ல பாதி கொடுத்தாங்க. திருச்சில மெக்கானிக்கல் பைனல் இயர் போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது வெளிநாடு பாத்துரணும்னு இருந்தோம்.

போர்டை அண்ணாந்து பாத்தா எங்க ப்ளைட்டுக்கு நேரா சிவப்புல கேன்சல்டுன்னு இருக்கு. எங்களோடது மட்டும் இல்ல, அதுக்கு கீழயும் வரிசையா இருக்கு. போனை எடுத்து பாத்தா ஈமெயில் வந்து முக்கா மணி நேரம் ஆச்சு, ரோமிங் போடாததால தெரியல, ஏர்போர்ட் வைபை கனெக்ட் ஆன பிறகுதான் எல்லாம் மொத்தமா வந்து விழுது.

காரணம் எரிமலை. இந்தோனேசியால ஃப்ளோரஸ் தீவுல லெவோடோபி லாக்கி லாக்கின்னு ஒரு மலை, லாக்கி லாக்கின்னா ஆம்பள, பக்கத்துலயே பெரெம்புவான்னு பொம்பள மலை ஒண்ணும் இருக்கு. அந்த ஆம்பள மலை அன்னைக்கு காலைல 11 மணி வாக்குல வெடிச்சு சாம்பல் 18 கிலோமீட்டர் உயரத்துக்கு போயிருக்கு. பாலி அங்கேர்ந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் காத்து அந்தப் பக்கம் அடிச்சா ப்ளைட் எறக்க மாட்டாங்க.

வரிசைல பக்கத்துல நின்னவங்க நெறைய பேரு சாம்பலுக்கெல்லாமா ப்ளைட்டை நிறுத்துவாங்கன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அந்த கோவம் வரல, ஏன்னா டர்பைன் பத்தி ரெண்டு பேப்பர் எழுதியிருக்கேன். அது அடுப்பு சாம்பல் கெடையாது, பொடிப்பொடியான கண்ணாடியும் பாறையும். எஞ்சின் உள்ள இருக்குற சூட்டுக்கு உருகி, டர்பைன் ப்ளேடு மேல போய் ஒட்டி இறுகிப் போயிடும், காத்து போற வழி அடைஞ்சா எஞ்சின் நின்னுடும். ஈரம் இல்லாத சாம்பல்ங்கறதால விமானத்துல இருக்குற வெதர் ரேடாருக்கும் சரியா தெரியாது. ஆனா இதெல்லாம் தெரிஞ்சிருந்தும் அந்த சிவப்பு எழுத்தை பாத்தப்ப வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு, அத மறைக்க முடியாது.

கவுண்டர்ல ரெண்டரை மணி நேரம் நின்னோம். எங்க முறை வந்தப்ப உக்காந்திருந்தது ஒரு தமிழ் அக்கா. பாஸ்போர்ட்டை பாத்ததும், "என்னா தம்பி, நாகப்பட்டணமா? எங்க பாட்டி ஊரும் அந்தப் பக்கந்தான். பசியாறுனீங்களா ரெண்டு பேரும்?"னு கேட்டாங்க. பசியாறுறதுன்னு எங்க ஊர்ல பெருசுங்க சொல்லி கேட்டிருக்கேன், ஏர்போர்ட் கவுண்டர்ல ஒருத்தர் கேக்கும்போது சட்டுனு கண்ணு கலங்கிடுச்சு, காலைல சாப்ட்ட ரொட்டி சனாய்க்கு அப்புறம் ஒண்ணுமே சாப்டல.

அந்த அக்கா சொன்னத அப்படியே எழுதுறேன், யாருக்காவது உதவும். மூணு வழி இருக்கு, இன்னொரு தேதிக்கு மாத்திக்கலாம், இல்ல கிரெடிட்டா வச்சுக்கலாம், இல்ல காசை திருப்பி கேக்கலாம். "கிரெடிட் எடுத்தா நீங்க மறுபடி எப்ப மலேசியா வருவீங்க, அது காலாவதி ஆயிடும்லா, காசாவே கேளுங்க. கேன்சல் ஆனதுக்கு காரணம் போட்டு லெட்டர் ஒண்ணு இங்கயே வாங்கிட்டு போங்க, வீட்டுக்கு போயி கேட்டா யாரும் பதில் போட மாட்டாங்க." மலேசியால விமானப் பயணிகளுக்குன்னே 2016ல ஒரு பாதுகாப்பு விதி கொண்டு வந்திருக்காங்க, அதுப்படி கம்பெனியே கேன்சல் பண்ணா ரீபண்டை 30 நாளுக்குள்ள, நாம எப்படி கட்டினோமோ அதே வழில திருப்பித் தரணும். எங்க டிக்கெட் என் ரூம்மேட்டோட அண்ணன் துபாய்ல இருந்து அவர் கார்டுல போட்டது, காசு 26வது நாள் அவருக்கே போயிடுச்சு. அந்த லெட்டர்தான் பின்னாடி டிராவல் இன்சூரன்ஸ்காரங்க மொத மொதல்ல கேட்டது. அந்த அக்கா சொல்லலன்னா எங்ககிட்ட அது இருந்திருக்காது.

ஆனா நாங்க பண்ண உண்மையான தப்பு வேற எடத்துல இருந்துச்சு. காசு மிச்சம் புடிக்க மூணு கம்பெனில தனித்தனியா டிக்கெட் போட்டிருந்தோம். திருச்சி-கோலாலம்பூர்-பாலி ஒண்ணு, 14ஆம் தேதி பாலி-சிங்கப்பூர் இன்னொண்ணு, அன்னைக்கு ராத்திரியே சிங்கப்பூர்-திருச்சி வேறொண்ணு. ஒரே டிக்கெட்டா இருந்தா நடுவுல ஒண்ணு கேன்சல் ஆனா மிச்சத்தையும் கம்பெனிதான் பாத்து மாத்தணும். தனித்தனியா போட்டா ஒருத்தனுக்கு இன்னொருத்தன பத்தி தெரியாது. நாங்க பாலிக்கே போகல, ஆனா 14ஆம் தேதி பாலில இருந்து கெளம்புற ப்ளைட் நல்லபடியா பறக்கும், அதுல எங்க சீட்டு காலியா போகும், அது எங்க பாடு. பாலிக்கு அடுத்து எடம் இருக்குறது 10ஆம் தேதின்னாங்க, அதுவும் மலை மறுபடி வெடிச்சா தெரியாதுன்னாங்க.

சரி சிங்கப்பூருக்கு பஸ்ல போயிடுவோம், கடைசி டிக்கெட்டையாவது காப்பாத்துவோம்னு யோசிச்சா, நம்ம பாஸ்போர்ட்டுக்கு அப்ப மலேசியால 30 நாள் வரைக்கும் விசா வேணாம், சிங்கப்பூருக்கு விசா வேணும். ஏர்போர்ட் உள்ளயே ப்ளைட் மாறுறது வேற, ரோட்டு வழியா பார்டர் தாண்டுறது வேற. போயிட்டு வந்த சீனியர்ங்க யாரும் இத சொல்லல, ஏன்னா அவங்களுக்கு கேன்சல் ஆகல. ரெண்டு பேரும் டெர்மினல் தரையில உக்காந்து காகிதத்துல கணக்கு போட்டோம், போன காசு போனதுதான்னு புரிஞ்சப்ப அவன் காகிதத்தை மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு எழுந்துட்டான். அவன் அப்படித்தான், நான்தான் ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தேன்.

ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள இருக்குற கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ட்ரெயின்னா ஆளுக்கு 55 வெள்ளி. இங்க தமிழாளுங்க ரிங்கிட்டுன்னு சொல்றதே இல்ல, வெள்ளிதான். பஸ்ஸு ரொம்ப கம்மி, அதுல ஏறி தமிழாளுங்க நெறைய இருக்குற பிரிக்ஃபீல்ட்ஸ் ஏரியாவுல போய் எறங்குனோம், மல்லிப்பூ வாசமும் பாட்டு கடை சத்தமும் கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ரூம் கொடுத்த ஐயாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும், நாங்க ஏன் மூஞ்சி தொங்கிப் போய் இருக்கோம்னு கேட்டாரு, சொன்னோம். உடனே அவரு 1982 கதைய ஆரம்பிச்சாரு, அப்ப ஏர்போர்ட் சுபாங்ல இருந்துச்சு. லண்டன்ல இருந்து பம்பாய், மெட்ராஸ் வழியா கோலாலம்பூர் வந்துட்டு ஆஸ்திரேலியாவுக்கு கெளம்புன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, ஜூன் 24 ராத்திரி ஜாவா பக்கம் கலுங்குங் எரிமலை சாம்பலுக்குள்ள போயி நாலு எஞ்சினும் ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னு போச்சு. எஞ்சினே இல்லாம மெதந்து மெதந்து கீழ வந்து, சாம்பலை விட்டு வெளிய வந்த பிறகு எஞ்சின் மறுபடி புடிச்சு ஜகார்த்தால எறக்குனாங்க, முன் கண்ணாடி உப்புத்தாள் வச்சு தேச்ச மாதிரி ஆகி வெளிய ஒண்ணும் தெரியாமலே எறக்கியிருக்காங்க. ஒருத்தருக்கும் உயிர் போகல. "இங்கேர்ந்து போனதுதான் தம்பி அது. ரத்து பண்ணானேன்னு வருத்தப்படாதீங்க, பறந்திருந்தா என்னன்னு யோசிங்க"ன்னாரு. அப்புறம், "ஒரு வாரம் இருக்கா? பினாங்கு போங்க. நாகப்பட்டணத்துக்காரன் பினாங்கு பாக்காம போறதா?"ன்னாரு.

அது எங்க ப்ளான்லயே இல்லாத ஊரு. ஆனா எங்க வீட்ல நான் பொறந்ததுல இருந்து கேட்ட பேரு. தாத்தா நாகப்பட்டணத்துல கப்பல் ஏறி பினாங்கு போயி பதினோரு வருஷம் ஒரு மளிகைக் கடைல கணக்கு எழுதினாரு, ரஜூலா கப்பல்ல போனேன், டெக்குல படுத்துட்டே போனேன்னு சொல்லிட்டே இருப்பாரு. எனக்கு அதெல்லாம் பெருசுங்க பேசுற பழைய கதை, அவ்வளவுதான். பேக்பேக்கிங்னு கூகுள்ல தேடுனா பாலிதான வருது. என் ரூம்மேட் நாகூர்க்காரன், அவங்க வீட்லயும் அதே கதை, அவங்க அதுக்கு சபர் போறதுன்னு சொல்வாங்க.

9ஆம் தேதி காலைல ட்ரெயின். நாலு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, பட்டர்வொர்த்ல எறங்கி பினாங்கு தீவுக்கு பெர்ரி. கால் மணி நேரந்தான், ஆனா தீவு கிட்ட வர வர நான் பேசவே இல்ல. இதே தண்ணிலதான வந்திருப்பாருன்னு.

ஹாஸ்டல் சூலியா ஸ்ட்ரீட்ல. பினாங்கோட டவுனான ஜார்ஜ் டவுன்ல பேக்பேக்கர்ஸ் தங்குற தெரு அதுதான், முழுக்க வெள்ளைக்கார பசங்க, சலவைக் கடை, பைக் வாடகைக் கடை. சூலியான்னா யாருன்னு அவங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நம்ம கரைல இருந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகளத்தான் அப்படி கூப்ட்டிருக்காங்க. அதே தெருல, கிங் ஸ்ட்ரீட் திரும்புற மூலைல நாகூர் தர்கா, சின்னதா, வெள்ளையா, 1800கள் ஆரம்பத்துல நாகூர் ஆண்டவர் பேருல கட்டுனது. என் ரூம்மேட் அத பாத்ததும் நடுத்தெருல நின்னுட்டான். வீடியோ கால்ல அவன் உம்மாவுக்கு காட்டுனான், அவங்க முந்தானைய தலைல இழுத்து விட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "உங்க வாப்பாவோட வாப்பா இங்க வந்துதாண்டா மொத சம்பளத்துல பாத்தியா ஓதினாரு"ன்னாங்க. அவனுக்கே அது அன்னைக்குத்தான் தெரியும்.

நாலு நாளும் நடந்தோம். குவீன் ஸ்ட்ரீட்ல 1833ல எழுப்புன மாரியம்மன் கோயில், மார்க்கெட் ஸ்ட்ரீட் புடவைக் கடைங்க. நாசி கண்டார் சாப்ட்டோம், அந்தக் காலத்துல நம்மாளுங்க காவடி மாதிரி கம்புல ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்பும் தொங்கவிட்டு துறைமுகத்துல வித்தது, அந்த கம்புதான் கண்டார். நாலஞ்சு குழம்ப ஒண்ணா ஊத்தி வெள்ளமா தருவாங்க, தனித்தனியா கேக்காதீங்க, ஊத்த விடுங்க.

திரும்பி வர புது டிக்கெட்தான். சென்னைக்கும் பினாங்குக்கும் 2024 டிசம்பர்ல இருந்து இண்டிகோ நேரடியா போகுது, 13ஆம் தேதிக்கு அதுல போட்டோம், இந்த தடவை ஒரே டிக்கெட்.

கெளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோட்டை பக்கம் போனப்ப ரவுண்டானா நடுவுல ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்த 60வது வருஷத்துக்காக 60 அடில கட்டுனது. பாத்ததும் தெரிஞ்சுது. எங்க கூடத்துல தாத்தா வெள்ளை சட்டையோட நிக்கிற போட்டோல பின்னாடி இருக்குற கோபுரம் இதுதான். சின்ன வயசுல இருந்து அத ஸ்டுடியோ ஸ்க்ரீன்னுதான் நெனச்சேன்.

அதே மாதிரி நின்னு ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புனேன். அஞ்சு நிமிசத்துல அப்பாயி போன் பண்ணுச்சு. அழும்னு நெனச்சேன், அழல.

"அங்க நிக்கலடா அவரு. இன்னும் கொஞ்சம் எடது பக்கம் தள்ளி நில்லு."