கட்டு கிடைக்கவில்லை

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

பெரியவர்கள் இறந்தால் பதினாறு நாளுக்கு வீட்டில் வேலை இருக்கும். பத்திரிகை அடிக்க வேண்டும், ஐயரைப் பார்க்க வேண்டும், சமையலுக்கு ஆள் சொல்ல வேண்டும். அழுவதற்கே நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் கிடையாது. எங்கள் பக்கம் எரிப்பதில்லை, புதைப்பதுதான். பால் தெளித்ததோடு சரி. பந்தல்காரர் வந்து கீற்றை இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஏழு வயது. தங்கை மகன். என் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினோம். அழாமல் இருக்க வாயில் சர்க்கரை போட்டோம். அதை என் புதுச் சட்டையில் துப்பிவிட்டுத்தான் அழுதான்.

புதன்கிழமை மழைக்காகப் பள்ளி விடுமுறை. தங்கையின் மாமியார் பத்து ரூபாய் கொடுத்து வெற்றிலை வாங்கி வரச் சொன்னார். கடை சாலைக்கு அந்தப் பக்கம். உர மூட்டை ஏற்றிவந்த குட்டியானை ஒன்று அடித்துவிட்டது. ஓட்டுநர் ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கித் தன் பக்கத்து இருக்கையில் கிடத்தி, மூட்டைகளோடு திருவாரூருக்கு ஓட்டிப் போயிருக்கிறான். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எங்களுக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டிசம்பர் 9, திங்கள்

வக்கீல் குமாஸ்தாவாக இருந்து என் தலை நரைத்துவிட்டது. ஊரில் யாருக்கு விபத்து என்றாலும் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை என்று ஒவ்வொன்றாக நகல் வாங்கி அடுக்குவது என் வேலை. இன்று அதையே எங்கள் வீட்டுக்காகச் செய்தேன். நகல் கொடுத்த ஏட்டய்யா என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை ஒவ்வொரு தாளாகப் பிடுங்கிப் படித்தார்.

“106 என்றால் என்ன மச்சான்?”

“கவனக்குறைவால் மரணம். புதிய சட்டத்தில் அதிகபட்சம் ஐந்து வருடம். ஜூலைக்கு முன்னால் என்றால் இரண்டுதான்.”

“இப்போது எங்கே இருக்கிறான்?”

“வீட்டில். ஜாமீனில் விடக்கூடிய பிரிவு.”

அடித்துவிட்டு, சொல்லாமல் ஓடிப்போகிறவனுக்குப் பத்து வருடம் என்று அதே பிரிவில் இன்னொரு உட்பிரிவு உண்டு. லாரிக்காரர்கள் ஜனவரியில் வண்டிகளை நிறுத்திப் போராடியதால் அதை இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. வந்திருந்தாலும் இவனுக்குப் பொருந்தாது, இவன் ஓடவில்லையே என்றேன்.

மாப்பிள்ளை தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். “ஓடியிருக்கலாம்” என்றார்.

ஓடியிருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

பிரேத விசாரணை அறிக்கையில் உடைமைகள் என்று ஒரு பத்தி வரும். “அரைக்கால் சட்டையின் வலது பையில் பத்து ரூபாய் நாணயம் ஒன்று” என்று எழுதியிருந்தார்கள். அத்தை அன்றிலிருந்து எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போகும்போதா, வரும்போதா? வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது என்றால் தனக்கு எது குறையும் என்று நினைக்கிறாரோ, தெரியவில்லை. நாணயம் பையில் இருந்ததென்றால் போகும்போதுதான். நான் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டி சாமி அலமாரிக்கு மேல் போய்விட்டது. நாற்பது வருடப் பழக்கம். வாய் வெறுமனே அசைந்துகொண்டே இருக்கிறது.

ஜனவரி 15, 2025, புதன்

மாட்டுப் பொங்கல். தங்கை வீட்டில் இந்த வருடம் பானை வைக்கவில்லை. வரிசை கொண்டுபோகாமல் வெறுங்கையோடு போனேன்.

மாப்பிள்ளை பேச்சுவாக்கில் கேட்டார்: “மனுநீதிச் சோழன் ஊர்தானே மச்சான் இது?”

திருவாரூர்க்காரனுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலை ஒட்டிக் கல்தேர் நிற்கிறது. சக்கரத்தடியில் இளவரசன், பக்கத்தில் மணி அடிக்கும் பசு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்கூட அந்த ராஜாவுக்குச் சிலை இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். வக்கீல் ஆபீசுக்குப் போன பிறகு அதில் ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. கன்றைத் தேர்க்காலில் விட்டவன் இளவரசன். பசு கேட்டது நியாயம். என்ன வேண்டும் என்று அதனிடம் யாரும் விசாரிக்கவில்லை. ராஜாவே தன் வீட்டு வழக்கை எடுத்து, தானே தீர்ப்புச் சொல்லி, தானே நிறைவேற்றினான். இடையில், இளவரசனைக் கொல்ல மனம் வராத மந்திரி தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? கடைசியில் சிவபெருமான் வந்து கன்று, இளவரசன், மந்திரி மூவரையும் எழுப்பிக் கொடுக்கிறார். அது இல்லாமல் கதையை முடித்திருந்தால் யாரும் கல்லில் செதுக்கியிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளையிடம் இதில் எதையும் சொல்லவில்லை. அவர் கேட்டதன் அர்த்தம் வேறு. ஓட்டுநருக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்பதை விசாரித்து வைத்திருக்கிறார்.

“அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசாதீர்கள்” என்றேன்.

“நான் என்ன பேசினேன்?” என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

விபத்து இழப்பீடு கேட்கும் எம்.சி.ஓ.பி. மனு தாக்கல். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று இப்போது கெடு இருக்கிறது. அதைவிட, வீட்டில் ஏதாவது ஒன்று நகர வேண்டும் என்பதால்தான் அவசரப்படுத்தினேன்.

மனுப் படிவத்தை நானே நிரப்பினேன். இறந்தவர் பெயர், வயது. தொழில்: மாணவர், இரண்டாம் வகுப்பு. முதலாளியின் பெயரும் முகவரியும்: இல்லை. மாத வருமானம்: இல்லை. வருமான வரி செலுத்துபவரா: இல்லை. நூற்றுக்கணக்கில் நிரப்பிய படிவம்தான். இன்று ‘இல்லை’ என்று எழுத எழுதப் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனேன்.

பிள்ளைக்கு வருமானம் கிடையாது. ஆனால் இழப்பீட்டுக்கு ஒரு தொகையிலிருந்து கணக்கைத் தொடங்கியாக வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றம், பத்து வயதுப் பையன் ஒருவனின் வழக்கில் வருட வருமானம் 30,000 ரூபாய் என்று உத்தேசமாக வைத்தது. அதை 15ஆல் பெருக்கி, பாச இழப்பு, ஈமச்சடங்கு முதலானவற்றுக்கு 50,000 சேர்த்து, 5 லட்சம் கொடுத்தது. நாங்கள் அதைவிடக் கூடுதலாகத்தான் கேட்டிருக்கிறோம். தங்கை கையெழுத்துப் போடும்போது தொகையைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை பார்த்தார். “இதை அவன் கொடுப்பானா?” என்று கேட்டார்.

“இன்சூரன்ஸ் கொடுக்கும்.”

“அவனுக்கு என்ன நஷ்டம்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவனுடைய லைசென்ஸை வைத்துப் பணம் தர மறுக்கும் வழியும் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அடைபட்டுவிட்டது. இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் நவம்பர் 6 அன்றுதான் சொன்னது. வழக்குக்கு நல்லது. மாப்பிள்ளைக்கு இதுவும் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

குட்டியானை இன்னும் காவல் நிலைய வேப்பமரத்தடியில் நிற்கிறது. முன்கண்ணாடியில் சருகு மூடியிருக்கிறது. வண்டியை விடுவிக்கக் கேட்டு அவன் தரப்பில் மனுப் போட்டிருக்கிறார்கள். சாதாரணமாகச் சில நாள் வேலை. ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டு, அதாவது வழக்குக் காகிதங்களின் கட்டு, கிடைக்கவில்லை என்று தள்ளிப்போகிறது.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நீதிமன்றத்தில் எனக்கு எத்தனை பேரைத் தெரியும், எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று ஒருவர் என் தோளைத் தட்டி, “கிடக்கட்டும் அண்ணே” என்றார். என்ன கிடக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

இருட்டிய பிறகு தங்கை போன் செய்தாள். கொல்லையில் தேங்காய் வெட்டும் அரிவாளைக் காணோம், அவர் வண்டியும் இல்லை என்றாள். குரலில் பதற்றமே இல்லை; அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஓட்டுநரின் ஊர் எனக்குத் தெரியும், மனுவில் முகவரி எழுதியவன் நானல்லவா. அங்கே டீக்கடை பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். காலடியில் சாக்கு. எதிரே நெல் கொள்முதல் நிலையம், விளக்குப் போட்டு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி இல்லாததால் அவன் அங்கே மூட்டை தூக்குகிறான். அறுவடை தொடங்கியதிலிருந்து மாப்பிள்ளை அடிக்கடி வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம், கடைக்காரர் பிறகு சொன்னார்.

நான் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அவனே சாலையைத் தாண்டி வந்தான். உடம்பெல்லாம் உமித்தூசி. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். சாக்கைப் பார்த்தான். பார்த்த பிறகும் நகரவில்லை.

மாப்பிள்ளை கேட்டார்: “வண்டியில் போகும்போது ஏதாவது பேசினானா?”

அவன் என்னைப் பார்த்தான். எதிர்த்தரப்பிடம் வாயைத் திறக்காதே என்று அவன் வக்கீல் சொல்லியிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

“காசு விழுந்துவிட்டதா என்று கேட்டான்” என்றான். “ரோட்டில்தான் கிடந்தது. நான்தான் எடுத்துப் பையில் போட்டேன். பையில் இருக்கிறது தம்பி என்று சொன்னேன். தொட்டுப் பார்த்துக்கொண்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் பேசவில்லை.”

மாப்பிள்ளை மறுபடியும் சொல்லச் சொன்னார். அவன் மறுபடியும் சொன்னான். மூன்றாம் முறை கேட்டபோது அவனுக்குக் குரல் வரவில்லை. அங்கிருந்து மேஸ்திரி கூப்பிட்டார், போய்விட்டான்.

சாக்கை என் வண்டியில் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை மனம் மாறிவிட்டார், மன்னித்துவிட்டார் என்றெல்லாம் எழுத மாட்டேன். பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, “பொய்யாக இருந்தால்?” என்று கேட்டார். பொய் சொல்கிறவன் இதையா சொல்வான், அப்பாவைக் கேட்டான் என்றல்லவா சொல்லியிருப்பான்? அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. பத்து ரூபாய் நாணயம் பற்றி அறிக்கையில் இருப்பது அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 7, திங்கள்

ஆழித்தேர் ஓட்டம். 96 அடி, 300 டன் என்பார்கள். எங்கள் வீடுகளிலிருந்து யாரும் போகவில்லை. போன வருடம் பிள்ளை என் தோளில் உட்கார்ந்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். சாமியைப் பார்க்கச் சொல்லித் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது.

அந்த வாகன மனு மார்ச் மாதமே உத்தரவாகிவிட்டது. கட்டு எங்கே என்று ஒரு முறை கேட்டேன். அன்றைக்கே கிடைத்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

இன்சூரன்ஸ் தரப்பு எதிருரை வந்தது. நான்காம் பத்தி: “மேற்படி சிறுவன் இருபுறமும் கவனிக்காமல் திடீரென்று சாலையின் குறுக்கே ஓடி வந்ததே விபத்துக்கு முழுமுதற் காரணம். சிறுவனைத் தனியே சாலைக்கு அனுப்பிய குடும்பத்தாரின் அலட்சியத்துக்கு இந்த எதிர்மனுதாரர் பொறுப்பாக முடியாது.”

இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். எங்கள் ஆபீஸ் முன்பு இன்சூரன்ஸ் தரப்பில் ஆஜரான காலத்தில், பெயரை மட்டும் மாற்றி நான் தட்டச்சு செய்த வாக்கியம். படித்துவிட்டு யார் வீட்டில் என்ன நடக்கும் என்று அப்போது நினைத்ததில்லை. அது வழக்கமான வாதம், எல்லா எதிருரையிலும் இருக்கும், அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைமேல் கவனக்குறைவைச் சுமத்த முடியாது என்பதற்கு எங்கள் வக்கீலிடம் தீர்ப்புகள் இருக்கின்றன. குடும்பத்தார் என்ற சொல்தான் உறுத்துகிறது. தங்கை விசாரணையில் பதில் சொல்ல வேண்டும் என்பதால் வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் இருந்த அத்தை கேட்டுவிட்டார்.

“சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள்” என்றார்.

அன்றிலிருந்து சோற்றில் கை வைப்பதோடு எழுந்துவிடுகிறார் என்று தங்கை சொல்கிறாள். மகன் முகத்தைப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளையும் தாயிடம் இதுவரை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஒரு வார்த்தை ஆறுதலும் சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தங்கை சாட்சி. மனுதாரர் தரப்பு முதல் சாட்சி அவள்தான். நிரூபண வாக்குமூலத்தை வக்கீல் சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்தேன். “என் மாமியார் கடைக்கு அனுப்பியபோது” என்று அதில் தெளிவாக இருக்கிறது. அத்தையும் வந்திருந்தார், வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கோர்ட் ஹாலுக்கு வெளியே, கதவை ஒட்டிய பெஞ்சில்.

இன்சூரன்ஸ் வக்கீல் கத்திப் பேசுகிறவர் அல்ல. மெதுவாகத்தான் கேட்டார்.

“மழை பெய்துகொண்டிருந்த நேரத்தில் பையனைத் தனியாகச் சாலைக்கு அனுப்பியது யார்?”

“நான்தான் அனுப்பினேன்.”

எங்கள் வக்கீல் நிமிர்ந்தார். மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார்.

“உங்கள் வாக்குமூலத்தில் மாமியார் அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறீர்களே?”

“எழுதியவர் தவறாக எழுதிவிட்டார். நான்தான் அனுப்பினேன்.”

“எதற்காக?”

“வெற்றிலை வாங்க. எங்கள் அத்தைக்கு இருமல் இருந்தது. அவர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.”

நீதிபதி அதை அப்படியே சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். கூண்டிலிருந்து இறங்கும்போது தங்கை யாரையும் பார்க்கவில்லை. கதவருகே பெஞ்சு காலியாக இருந்தது. அத்தை எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாப்பிள்ளை போய் அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கினார்.

வராந்தாவில் இன்சூரன்ஸ் வக்கீல் என்னைப் பார்த்து, “என்னய்யா, இத்தனை வருட சர்வீஸ், வாக்குமூலத்தை இப்படியா எழுதுவது?” என்றார்.

“பிசகிவிட்டது சார்” என்றேன்.

எதிர்மனுதாரர் தரப்பு சாட்சிக்கு, அதாவது அந்த ஓட்டுநருக்கு, செப்டம்பர் 9க்கு வாய்தா.