தினமும் கையோடு போகிற கேமரா: எண்களை எப்படிப் படிப்பது

கேமரா பெட்டியின் மேல் பெரிதாக அச்சாகியிருக்கும் எண் மெகாபிக்சல். அன்றாடப் படங்களுக்கு அதைப்போல உபயோகமில்லாத எண் வேறில்லை. 4கே திரையில் இருப்பது 3840 × 2160 புள்ளிகள், அதாவது 8.3 மெகாபிக்சல். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 8.7 போதும். இப்போது விற்கிற கேமராக்களில் 20-க்குக் கீழே இருப்பது அரிது. ஓரத்தை வெட்டிச் சரிசெய்ய இடம் வேண்டும் என்றாலும் அதுவே தாராளம். எனவே அந்த எண்ணை விட்டுவிட்டு, கேமரா எதில் போகப்போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்: சட்டைப்பையிலா, தோளிலா, தனிப் பையிலா.

பையில் போடுவதற்கு எடையைவிடத் தடிமன்தான் முக்கியம். ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம், தடிமன் 33 மி.மீ. பேன்ட் பையில் நுழையும். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100-6 521 கிராம். பைக்குள் போகாது, தோளில் தொங்கினால் கனம் தெரியாது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிதாக இருப்பது) 24-70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸை மாட்டினால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அதை நாள் முழுக்கச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காய்கறி வாங்கப் போகும்போது எடுத்துப் போவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

செல்போன் ஏற்கெனவே பையில் இருக்கிறது என்பதால், புதிய கேமரா அதை எதிலாவது தெளிவாக மிஞ்ச வேண்டும். உண்மையான ஜூம், ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் பிடிக்கும் ஃபோகஸ், வெயிலில் கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டர், அமுக்கிய கணத்திலேயே விழும் ஷட்டர், பெரிய சென்சாரின் இயல்பான பின்னணி மங்கல்: இவற்றில் கேமராவுக்கே வெற்றி. ஜன்னலோரத்தில் ஆளை நிறுத்தி, வெளியே வானமும் தெரிய எடுக்கும் படத்தில் செல்போன் ஜெயிக்கும். அது பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாக்கி வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்துதான் காட்டுகிறது. கேமரா தானே முடித்துத் தரும் ஜேபெக் படத்தில் அதே காட்சியில் வானம் வெளுத்துப் போயிருக்கும். புதுக் கேமரா வாங்கிய முதல் வாரத்தில் வருகிற ஏமாற்றத்தில் பாதி இதுதான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −2/3 அல்லது −1-க்கு இறக்கி எடுத்து, ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாத மூலப்படம்) நிழலைத் தூக்கினால் சரியாகிவிடும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் செல்போனிலேயே இருக்கலாம், குற்றமில்லை.

அடுத்து, எவ்வளவு அகலமான லென்ஸ் என்பது. இதற்கான விடை உங்கள் செல்போன் கேலரியிலேயே கிடக்கிறது. பிடித்த நூறு படங்களைத் திறந்து, ஒவ்வொன்றின் விவரங்களிலும் எந்த லென்ஸில் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் 1எக்ஸ் என்றால் உங்கள் கண் 24 முதல் 28 மி.மீ. அகலத்துக்குப் பழகியிருக்கிறது. எப்போதும் 2எக்ஸுக்குத் தாவுகிறீர்கள் என்றால் 50 மி.மீ. பக்கம். இந்த மி.மீ. கணக்கெல்லாம் ஃபுல் ஃப்ரேமுக்கு இணையான அளவுகள். ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் வகைகளான ஏபிஎஸ்-சியில் 1.5 ஆல் (கேனன் என்றால் 1.6), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2 ஆல், ஒரு அங்குல சென்சாரில் 2.7 ஆல் வகுத்தால் லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண் வரும்.

கண்ணால் பார்க்க இன்னும் எளிய வழி உண்டு. இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேமராவைக் கிடையாகப் பிடித்தால், 28 மி.மீ. லென்ஸில் சுமார் 2.6 மீட்டர் அகலம் அடங்கும், 35-ல் 2 மீட்டர், 50-ல் 1.4 மீட்டர். சின்ன அறையில் சோபாவில் அமர்ந்த ஐந்து பேரை 50-ல் அடக்க முடியாது. பின்னால் சுவர் இடிக்கும். மாறாக 28-ல் ஒருவர் முகத்தை மட்டும் நிரப்பப் பக்கத்தில் போனால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். குடும்பம், சாலை, சாப்பாட்டு மேசை எல்லாம் கலந்து எடுப்பவர்களுக்கு நான் 35-ஐத்தான் சொல்வேன். எதிலும் தோற்காத அகலம் அது.

இனி சென்சார். இங்கேதான் விளம்பரமும் உண்மையும் பிரிகின்றன. ஒரு அங்குல சென்சார் என்பது உண்மையில் 13.2 × 8.8 மி.மீ. மூலைவிட்டம் 16 மி.மீ.கூட வராது. பெயர் பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்திலிருந்து வந்த மிச்சம். பரப்பு 116 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி சுமார் 367, ஃபுல் ஃப்ரேம் 864. பரப்பு இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). அப்படிப் பார்த்தால் ஒரு அங்குலத்திலிருந்து ஏபிஎஸ்-சிக்குப் போனால் ஒன்றரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே லாபம்.

இந்த லாபத்தைக் கிட் லென்ஸ் அப்படியே விழுங்கிவிடும். மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராவோடு பெட்டியில் வருகிற ஜூம் பொதுவாக எஃப்/3.5-5.6. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் கூடும். ஒரு அங்குல பாக்கெட் கேமராக்களில் நல்லவற்றின் லென்ஸ் எஃப்/1.8-2.8. அகலமான பக்கத்தில் 3.5-க்கும் 1.8-க்கும் இடையே ஏறக்குறைய இரண்டு ஸ்டாப். நீண்ட பக்கத்தில் 5.6-க்கும் 2.8-க்கும் சரியாக இரண்டு. சென்சார் ஒன்றரைச் சொச்சம் கொடுத்தது, லென்ஸ் இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மாலை விளக்கொளியில், சட்டைப்பைக் கேமராவின் படத்தில் புள்ளி இரைச்சல் அந்தப் பெரிய கேமராவுக்கு இணையாக, ஒரு நூல் குறைவாகக்கூட இருக்கும். பெரிய சென்சாருக்குப் பணம் கொடுப்பவர்கள் அதே மூச்சில் ஒரு ப்ரைம் லென்ஸுக்கும் (ஜூம் இல்லாத லென்ஸ்) பணம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடையைத்தான் வாங்கியிருக்கிறார்கள். 35 மி.மீ. பார்வைக்கு ஏபிஎஸ்-சியில் 23 அல்லது 24, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17. அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்/2 அல்லது அதற்குக் கீழே.

பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான்.

வீட்டுக்குள் எடுத்த படம் கலங்கலாக வந்தால் பலரும் ஃபோகஸைக் குறை சொல்வார்கள். பத்தில் எட்டு தடவை காரணம் ஷட்டர் வேகம். கேமராவில் ஸ்டெபிலைசர் இருந்தால் கை நடுக்கத்தை அடக்கும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்புவதை அதனால் நிறுத்த முடியாது. உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு 1/125 விநாடி, நடப்பவர்களுக்கு 1/250, விளையாடும் பிள்ளைகளுக்கு 1/500 வேண்டும். ஆட்டோவில் விட்டால் பல கேமராக்கள் 1/60-லேயே நின்றுவிடும். ஆகவே வாங்கும்முன் மெனுவில் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: ஆட்டோ ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது) குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை நாமே குறிக்க முடிகிறதா? முடிந்தால் 1/125 என்று வைத்து, ஐஎஸ்ஓ உச்சவரம்பை ஏபிஎஸ்-சிக்கு 6400, ஒரு அங்குலத்துக்கு 3200 என்று கட்டிவிட்டால், பிறகு அப்பெர்ச்சரைத் தவிர எதையும் தொட வேண்டியதில்லை. விலை குறைந்த மாடல்களில் இந்த வசதியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். விளம்பரத்தாளில் அது தெரியாது.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பி இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான சென்சார்கள் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. மலிவான எல்இடி விளக்கு, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் போய்விடும் (60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60, 1/120). அந்த வேகம் போதாத இடத்தில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பட்டைகள் பெரும்பாலும் குறையும். மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிற மாடலா என்று பார்த்து வாங்குங்கள்.

கடையில் கையில் கிடைக்கும் பத்து நிமிடத்தை மெனு பார்ப்பதில் வீணாக்காதீர்கள். கேமராவை அணைத்து, பையில் வைத்து, எடுத்து, ஆன் செய்து, ஒரு படம் எடுங்கள். எத்தனை விநாடி? இரண்டைத் தாண்டினால் தெருவில் பல காட்சிகள் கைநழுவும். கடையின் இருட்டு மூலையில் கோடில்லாத ஒரு சட்டையின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள்; முன்னும் பின்னும் தடுமாறுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரே கையில் பிடித்து, கண்ணை எடுக்காமல் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மாற்ற முடிகிறதா பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடேயே வியூஃபைண்டரில் பார்க்க வேண்டும். நான்கு மூலையும் ஒருசேரத் தெரியவில்லை என்றால், அந்த மாடல் உங்களுக்கு இல்லை. பக்கத்திலிருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி எழுத்துகள் கூர்மையாகும்வரை டையாப்டரைச் சரிசெய்துவிட்டுத்தான் வியூஃபைண்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சின்ன உடலில் சின்ன பேட்டரி. ஜிஆர் 3-க்கு நிறுவனம் சொல்வதே 200 படம்தான். உபரியாக ஒன்று வாங்குங்கள், யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகிற மாடலா என்று பாருங்கள். மெமரி கார்டில் வி30 என்ற குறி போதும். தொடர்ந்து விநாடிக்கு 30 எம்பி எழுதும் என்று பொருள். 24 மெகாபிக்சல் ரா கோப்பு, சுருக்கும் விதத்தைப் பொறுத்து 25 முதல் 45 எம்பி வரும். 256 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி இரண்டு நல்லது. ஒன்று கெட்டால் எல்லாம் போகாது.

லென்ஸ் மாற்ற முடியாத கேமராவில் சென்சாருக்குள் தூசி நுழையாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுக்கிறது, பையிலிருக்கும் பஞ்சும் கூடவே போகும். லென்ஸ் கழற்றுகிற கேமராவில் ரப்பர் ஊதுகுழலால் நாமே ஊதிவிடலாம். லென்ஸ் கழற்ற முடியாததில் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், பிரித்துப் பூட்டுகிற கூலியோடு. சட்டைப்பையில் வெறுமனே போடாமல் மெல்லிய துணிப்பையில் போட்டு வையுங்கள்.

பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கும் முதல் சோதனை அந்தத் தூசிதான். அப்பெர்ச்சரை எஃப்/16-க்கு, அது இல்லாவிட்டால் இருக்கிற கடைசி எண்ணுக்கு மூடி, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். சாம்பல் நிற மங்கல் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி. பிறகு லென்ஸை மூடிவிட்டு ஒரு விநாடி எக்ஸ்போஷரில் எடுங்கள். கருப்பில் சிவப்பும் நீலமுமாகச் சில புள்ளிகள் மின்னினால் பயப்பட வேண்டாம். கும்பலாக இருந்தால் அந்தக் கேமரா வேண்டாம். லென்ஸைக் கழற்ற முடிந்தால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போல ஓடினால் அது பூஞ்சை. பேட்டரி வெளியே வர முரண்டு பிடித்தால் உப்பியிருக்கிறது.

கடைசிச் சோதனையைப் பலர் செய்வதில்லை, ஆனால் கீழே விழுந்த கேமராவை அதுதான் காட்டிக்கொடுக்கும். செங்கல் சுவருக்கு நேராக நின்று, அப்பெர்ச்சரை முழுவதும் திறந்து ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் கரைந்திருந்தால், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே இடத்திலிருந்து இன்னொன்று எடுங்கள். இப்போதும் சுவரின் அதே பகுதிதான் மங்கலாக வருகிறது என்றால் நீங்கள் கோணலாக நின்றிருக்கிறீர்கள். சரியாக நின்று மறுபடி எடுக்கலாம். மங்கல் சுவரின் எதிர் மூலைக்கு இடம்மாறினால் லென்ஸின் கண்ணாடிகள் மையம் விலகியிருக்கின்றன. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் அதை வாங்காதீர்கள்.