எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு மண் எடுக்கப் போன கதை

நேற்றுதான் சீக்வென்சிங் (டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சோதனை) ரிசல்ட் வந்தது. நான் மண்ணில் தேடிய, ஆன்டிபயாடிக் தயாரிக்கும் பாக்டீரியாதான்: ஸ்ட்ரெப்டோமைசஸ்! இதற்கு ஐந்து மாதம் ஆனது, அதில் மூன்று மாதம் வீண். பெங்களூரில் இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அந்த மூன்று மாதமாவது மிச்சமாகட்டும்.

காட்டு மண்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அனுமதி கேட்டு ஒரு வன அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். கடிதத்தில் துறைத் தலைவர் கையெழுத்து இருந்தது, கல்லூரி சீல் இல்லை. கிளார்க் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். சீலோடு போனால், எத்தனை கிராம், எந்த இடம், எதற்கு என்று எழுதவில்லையாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா? மூன்றாவது முறை அதிகாரி விடுமுறை. ஐந்து வாரம் போயிற்று. அதற்காக அனுமதி இல்லாமல் காட்டு மண்ணை அள்ளிவிடாதீர்கள். எடை, ஆழம், இடம், நோக்கம் நான்கையும் எழுதி, சீல் வைத்த பிறகே வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

அல்சூரில் இருக்கும் அத்தைதான் கேட்டார்: "ஏன்டி, நம்ம கொல்லை மண்ணுல இல்லாதது அங்க என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. தென்னை மரத்தடியில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தேன்.

அடுத்த அடி லேபில். பாக்டீரியா வளர்க்கும் மீடியாவான ஸ்டார்ச் கேசீன் அகாரில் பூஞ்சை வராமலிருக்க நிஸ்டாட்டின் சேர்ப்பார்கள். சீனியரின் நோட்டில் எல்லாப் பொருளும் ஒரே பட்டியலாக இருந்தது. நானும் எல்லாவற்றையும் ஒன்றாக எடை போட்டு, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்துவிட்டேன். அந்தச் சூட்டில் நிஸ்டாட்டின் வீரியம் போய்விடும். மூன்றாம் நாள் பிளேட் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. மண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, நான்கு பேட்ச் இப்படியே பாழாக்கினேன். நிஸ்டாட்டினைத் தனியாக டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, ஆட்டோகிளேவ் முடிந்து மீடியா 50 டிகிரிக்கு இறங்கிய பிறகு ஊற்றுங்கள். இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று, மண்ணை ஈரத்தோடு போடாதீர்கள். நிழலில் ஒரு வாரம் காயட்டும். ஸ்ட்ரெப்டோமைசஸின் விதை போன்ற ஸ்போர்கள் காய்ந்தாலும் தாங்கும், மற்ற பாக்டீரியாக்களில் நிறைய செத்துவிடும். மூன்றாம் நாளே பிளேட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஏழாம் நாளுக்கு மேல்தான் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் வெள்ளைக் காலனிகள் வரும். லூப்பால் எடுக்கப் போனால் அகாரோடு ஒட்டிக்கொண்டு வராது. மூடியைத் திறந்ததும் மழை பெய்த மண்வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்ற டெஸ்ட் சீக்கிரமே முடிந்தது. நோய் தரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைப் பரப்பிய பிளேட்டில், ஏழாம் எண் காலனியின் அகார் துண்டைச் சுற்றி 18 மில்லிமீட்டருக்குத் தெளிந்த வட்டம், அதாவது அங்கே அது வளரவில்லை.

சீக்வென்சிங்குக்கு அவசரப்பட்டு அனுப்பியதில் முதல் முறை பணம் போனது. கல்ச்சர் சுத்தமாக இல்லாததால் ரிசல்ட் கிராஃபில் பீக்குகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. மூன்று முறை திரும்ப ஸ்ட்ரீக் செய்து (புது பிளேட்டில் கோடுகளாகத் தேய்த்து) பிரித்த பிறகுதான் சரியாக வந்தது. ஆனாலும் 16எஸ் என்ற ஒரு ஜீனை மட்டும் வைத்துப் புது இனம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்ட்ரெப்டோதிரிசின் மாதிரி ஏற்கெனவே தெரிந்த ஆன்டிபயாடிக்கே திரும்பத் திரும்பக் கிடைப்பதும் சகஜம். அடுத்த வேலை அதைச் சரிபார்ப்பதுதான்.

நிஸ்டாட்டினே இப்படி ஒரு மண்ணில் கிடைத்ததுதான். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எலிசபெத் ஹேசன் வர்ஜீனியாவில் நண்பரின் பண்ணையில் எடுத்த மண், வேதியியலாளர் ரேச்சல் பிரவுனோடு சேர்ந்து 1950-இல் அறிவித்த மருந்து. நர்ஸ் என்ற அந்தப் பண்ணைக் குடும்பத்தின் பெயரால்தான் அந்த பாக்டீரியாவுக்கு ஸ்ட்ரெப்டோமைசஸ் நர்ஸி என்று பெயர். இதை அத்தையிடம் சொன்னேன். தென்னை மரத்தடியில் இனிமேல் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்ற மாட்டேன் என்றார். ஏழாம் எண் கல்ச்சர் கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில், ஆறு சிறு குப்பிகளில் இருக்கிறது.