கால்வாயில் நாளொன்றுக்கு எத்தனை கிலோ பாஸ்பரஸ்? ஆலோசகரை அமர்த்திய அனுபவம்

சென்னையில் கோடை மாதங்களில் கூவத்திலும் ஓட்டேரி நல்லா கால்வாயிலும் ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்தான். ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்வதற்கும் பாசி படர்வதற்கும் அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸுமே தீனி. இவற்றைக் குறைக்கத் திட்டம் வகுக்க ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தலாம் என்று முடிவானதும் அலுவலகத்தில் நடப்பது என்ன? பழைய கால்வாய்ச் சீரமைப்பு டெண்டரை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றுவார்கள். அப்படிப் போட்டால் கைக்கு வரும் விரிவான திட்ட அறிக்கையில் (டி.பி.ஆர்.) நடைபாதை இருக்கும், கம்பி வேலி இருக்கும், அலங்கார விளக்கு இருக்கும். நாளொன்றுக்கு எத்தனை கிலோ பாஸ்பரஸ் கால்வாயில் விழுகிறது என்ற எண் மட்டும் இருக்காது.

அந்த எண்ணைப் பணி வரையறையின் முதல் பக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். கணக்கு எளிது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை ஓடும் நீரின் எம்.எல்.டி. அளவால் (ஒரு எம்.எல்.டி. என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்) பெருக்கினால் நாளொன்றுக்கான சுமை நேரடியாகக் கிலோ கிடைத்துவிடும். ஒரு கால்வாயில் மழையில்லா நாளில் 12 எம்.எல்.டி. ஓடி, மொத்த பாஸ்பரஸ் 6 மி.கி. இருந்தால் நாளைக்கு 72 கிலோ. மத்திய அரசின் கழிவுநீர்க் கையேடு ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் பாஸ்பரஸ், 5.4 கிராம் நைட்ரஜன் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக அந்த 72 கிலோ 90,000 பேரின் கழிவுக்குச் சமம். அந்த வடிநிலத்தில் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாதவர்கள் 40,000 பேர்தான் என்றால் அவர்கள் கணக்கில் வருவது 32 கிலோ. மீதி 40 கிலோ எங்கிருந்து வருகிறது? நிரம்பி வழியும் பம்பிங் ஸ்டேஷனா, இரவில் கொட்டும் கழிவுநீர் லாரியா, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே வரும் நீரேவா? ஆலோசகரிடம் நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த விடையைத்தான். மூலங்களின் கூட்டுத்தொகையும் கால்வாயின் கடைமுனையில் அளந்த சுமையும் 20 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் காரணம் எழுதித் தர வேண்டும் என்று வரையறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். டெண்டர் சமர்ப்பிக்கும் முன் நடக்கும் கூட்டத்தில் அந்த வரியைப் பற்றிக் கேள்வி கேட்கிற நிறுவனம்தான் வேலை தெரிந்த நிறுவனம். கேட்காதவர்கள் அதைப் படிக்கவே இல்லை.

இலக்கையும் எழுத வேண்டும். 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சுத்திகரிப்பு நிலைய அறிவிக்கையில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் வரம்பே இல்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணை லிட்டருக்கு மொத்த நைட்ரஜன் 10 மி.கி., ஏரி குளங்களில் விடும் நீரில் மொத்த பாஸ்பரஸ் 1 மி.கி. என்ற கடுமையான அளவைக் கொண்டுவந்தது. “நடைமுறையிலுள்ள தரநிலைகளின்படி” என்று பொத்தாம்பொதுவாக விட்டால், பி.ஓ.டி.யை (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) மட்டும் குறைக்கிற திட்டத்தைக் கொடுத்துவிட்டு விதிப்படி செய்தோம் என்று வாதாட இடமிருக்கிறது. எந்த எண் வேண்டுமோ அதை நேராக எழுதுங்கள்.

டெண்டர் விடும் முன் முடிக்க வேண்டிய தலைவலி ஒன்று உண்டு. ஆறும் கால்வாயும் நீர்வளத்துறையிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் குடிநீர் வாரியமான மெட்ரோவாட்டரிடம், நிலையத்துக்கான இசைவாணை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். பம்பிங் ஸ்டேஷன் ஓடிய நேரப் பதிவேடு, நிலையத்தின் தினசரிப் பரிசோதனை ஏடு, வடிகால் வரைபடம், லாரி வருகைப் பதிவு ஆகியவற்றைத் தரச் சம்மதித்து அந்தந்தத் துறை எழுதிய கடிதத்தை டெண்டருடன் இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் “தரவு கிடைக்கவில்லை” என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் காலநீட்டிப்புக் கேட்பார்கள். மறுக்கவும் முடியாது, ஏனென்றால் அது உண்மையாகவே இருக்கும்.

அடுத்தது நாள் பார்ப்பது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஜனவரியில் ஒர்க் ஆர்டர் கொடுத்து எட்டு மாதத்தில் அறிக்கை கேட்டால் ஒரு வடகிழக்குப் பருவமழை மாதிரிகூட இல்லாத அறிக்கைதான் வரும். மே மாதம் விருப்பக் கோரிக்கை (ஆர்வமுள்ள நிறுவனங்களை அழைக்கும் அறிவிப்பு), செப்டம்பர் தொடக்கத்துக்குள் ஒர்க் ஆர்டர், ஒப்பந்தக் காலம் 12 மாதம் என்று வைத்தால் ஒரு பருவமழையும் ஒரு கோடையும் அடங்கிவிடும்.

மாதிரி எடுப்பதில்தான் பணமும் போகிறது, ஏமாற்றமும் நடக்கிறது. மொத்தத் தொகைக்குள் இதைச் சேர்த்துவிட்டால் மாதிரிகளின் எண்ணிக்கை சுருங்கிப்போகும். மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று அலகு விலை தனியாகக் கேட்டு, குறைந்தபட்ச எண்ணிக்கையையும் நாமே எழுத வேண்டும். நாங்கள் கேட்பது 10 இடம், இடத்துக்கு 24 மணி நேரக் கூட்டு மாதிரி, அதாவது நாள் முழுதும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்தது, 3 நாள் (அதில் ஒன்று ஞாயிறு), 2 பருவம். ஆக 60 மாதிரி. ஒவ்வொன்றோடும் நீரோட்ட அளவும் வேண்டும். ஓட்டம் அளக்காத மாதிரிக்குப் பணம் கிடையாது என்று எழுதினால்தான் அளப்பார்கள். காலை 11 மணிக்குப் பாலத்தில் நின்று வாளியால் முகர்ந்த ஒற்றை மாதிரி, வீடுகளில் குளியலும் துவையலும் நடக்கிற காலை உச்ச ஓட்டத்தைத் தவறவிட்டுவிடும். மழை மாதிரி வேறு கணக்கு. வடிகாலில் நீர் ஏறத் தொடங்கியதிலிருந்து முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று. அதற்கு ஆள் அந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும், காத்திருப்புக்கும் தனி விலை வையுங்கள்.

எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் ஆலோசகரிடம் விடக்கூடாது. ஆக்சிஜன் இல்லாத கறுப்பு நீரில் நைட்ரஜன் அம்மோனியாவாகவும் கரிமச் சேர்மங்களாகவும்தான் இருக்கும், நைட்ரேட் ஏறக்குறைய பூஜ்யம். நைட்ரேட்டை மட்டும் சோதித்து “வரம்புக்குள் உள்ளது” என்று எழுதிய அறிக்கைகள் இன்றும் கோப்புகளில் கிடக்கின்றன. மொத்த பாஸ்பரஸ், கரைந்த ஆர்த்தோபாஸ்பேட் (பாசி நேரடியாக எடுத்துக்கொள்ளும் வடிவம்), அம்மோனியா, கெல்டால் நைட்ரஜன் (அம்மோனியாவும் கரிம நைட்ரஜனும் சேர்ந்தது), நைட்ரேட், நைட்ரைட் ஆகிய ஆறையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முகத்துவாரத்துக்கு அருகே உப்பளவையும் சேருங்கள். அலை ஏறும்போது எடுத்த மாதிரியில் கடல்நீர் கலந்து சுமை குறைவாகத் தெரியும், குளோரைடு சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) சோதனையையும் கெடுக்கும்.

ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. இந்த ஆறு சோதனைகளும் கழிவுநீருக்காக அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மொத்த பாஸ்பரஸ், அம்மோனியா மாதிரிகளில் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கிப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். ஆர்த்தோபாஸ்பேட்டுக்கு அமிலம் கூடாது. எடுத்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் அதிலுள்ள பாஸ்பேட்டும் கணக்கில் ஏறிவிடும் (சிரிப்பு வரலாம், ஆனால் நடக்கிறது). இன்னொன்று அலகு. நைட்ரேட்டை நைட்ரேட்டாகச் சொல்வதற்கும் நைட்ரஜனாகச் சொல்வதற்கும் 4.43 மடங்கு வித்தியாசம். குடிநீருக்கான 45 மி.கி. என்ற வரம்பு நைட்ரேட்டாக. நைட்ரஜனாகச் சொன்னால் அது சுமார் 10. பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரஸுக்கும் மூன்று மடங்கு. எல்லா முடிவுகளும் நைட்ரஜனாகவும் பாஸ்பரஸாகவும் தரப்பட வேண்டும் என்று எழுதாவிட்டால் ஒரே அட்டவணையில் இரண்டும் கலந்து வரும்.

தேர்வில் தரத்துக்கு 70, விலைக்கு 30 என்பது வழக்கமான பங்கீடு. ஓர் உதாரணம்: முதல் நிறுவனம் தொழில்நுட்பத்தில் 88 மதிப்பெண், விலை 60 லட்சம். இரண்டாவது 76 மதிப்பெண், 42 லட்சம். குறைந்த விலைக்கு 100 என்றால் முதலாவதற்கு விலை மதிப்பெண் 70. 70:30-ல் கூட்டினால் 82.6-க்கு 83.2, இரண்டாவது ஜெயிக்கிறது. 80:20 வைத்தால் 84.4-க்கு 80.8, முதலாவது ஜெயிக்கிறது. இது கட்டுமானம் அல்ல, மூளை வேலை. விதி இடம்கொடுக்கிற வரை 80:20-க்கே போங்கள். இதை உறை பிரிப்பதற்கு முன்பே, டெண்டர் ஆவணத்திலேயே எழுதியாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொழில்நுட்ப மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஆட்களுக்குப் போகட்டும். நீர்த்தர மாடல் போடுபவர், சுத்திகரிப்புச் செயல்முறைப் பொறியாளர், நீரியல் வல்லுநர், வடிகால் சர்வே தலைவர் ஆகிய நால்வரும் அவசியம். ஒரே நபரின் தன்விவரம் இரண்டு நிறுவனங்களின் உறையிலும் வருவது புதிதல்ல. ஒவ்வொரு தன்விவரத்திலும் அவரே கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். பெரிய பெயரைக் காட்டி வேலையை வாங்கிவிட்டு, இரண்டாம் மாதமே இளநிலை ஆளை அனுப்புவதுதான் இந்தத் தொழிலின் தீராத வியாதி. மதிப்பீட்டின்போது அந்தப் பெயருக்குரியவரையே நேரில் அழைத்து, பழைய அறிக்கை ஒன்றின் சுமைக் கணக்கை விளக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் அனுமதியின்றி ஆளை மாற்றினால் அவருக்குரிய ஆள்மாதத் தொகையில் பிடித்தம் என்ற நிபந்தனையும் வேண்டும்.

தீர்வுகள் பகுதி வரும்போது கால்குலேட்டர் கையில் இருக்கட்டும். மிதவைத் தாவரத் தோட்டம் படத்தில் அழகாக இருக்கும். அந்த 72 கிலோ ஆண்டுக்கு 26 டன். செடி சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 10 கிராம் பாஸ்பரஸ் எடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 260 ஹெக்டேர் மிதவை வேண்டும். கால்வாயே அவ்வளவு கிடையாது. பாஸ்பரஸைப் படியவைக்கப் படிகாரம் போடுவதற்கும் இதே பார்வைதான். 10 எம்.எல்.டி. நிலையத்தில் பாஸ்பரஸை லிட்டருக்கு 5 மி.கி.யிலிருந்து 1-க்குக் கொண்டுவர நாளைக்கு 40 கிலோ நீக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு வேதியியல் கணக்கில் 9.6 கிலோ படிகாரம், நடைமுறையில் இரு மடங்கு, ஆக நாளைக்கு 770 கிலோ அளவில். அதனால் கூடும் சகதியை எங்கே கொண்டுபோவது, பத்தாண்டுச் செலவு என்ன என்பது இல்லாத தீர்வைத் திருப்பி அனுப்பலாம். தூர்வாருதலும் அப்படியே. அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டியிருக்கும் பாஸ்பரஸ் ஆக்சிஜன் இல்லாதபோது நீருக்குள் திரும்ப வருகிறது என்பது சரிதான். ஆனால் மேலே விழும் கழிவை நிறுத்தாமல் வாரினால் புதுச் சேறு படிந்து அதே வேலையைச் செய்யும்.

பணத்தைப் பக்க எண்ணிக்கைக்குக் கொடுக்காமல் தரவுக்குக் கொடுப்பதே எங்கள் வழக்கம். தொடக்க அறிக்கைக்கு 10 சதவீதம், மாதிரி முடிவுகளுக்கு 25, பொருந்திய சுமைக் கணக்குக்கு 25, தீர்வு ஒப்பீட்டுக்கு 15, டி.பி.ஆருக்கு 15. கடைசி 10 சதவீதம் நிற்பது ஒப்படைப்புக்காக: சூத்திரம் அழியாத எக்செல், மாடல் கோப்பு, ஜி.ஐ.எஸ். (கணினி வரைபட) அடுக்குகள், ஆய்வகத்தின் அசல் தாள்கள். பி.டி.எஃப். மட்டும் வந்தால் பில் நகராது. எக்செலைத் திறந்து ஏதேனும் ஓர் இடத்தின் ஓட்ட அளவை மாற்றிப் பாருங்கள். மொத்தக் கிலோ தானாக மாறினால் பில்லில் கையெழுத்துப் போடலாம்.