பார்வை போன பிறகு கீபோர்டைக் கற்றுக்கொண்டது

க்ளாக்கோமாவில் பார்வை முழுசாகப் போன பிறகும் அலுவலக வேலையைத் தொடர்கிறேன். 'எப்படி முடிகிறது?' என்று கேட்பவர்கள் என்விடிஏ என்கிற, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் இலவச ஸ்க்ரீன் ரீடரைத்தான் காரணமாக நினைக்கிறார்கள். அது பாதிதான். எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும் ஒரு கீ ஒரே வேலையைச் செய்கிறது என்பது மீதிப் பாதி.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் பார்வையற்றவர். எஃப், ஜே கீகளில் இருக்கும் சின்ன மேட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அங்கே இரண்டு ஆள்காட்டி விரலும் உட்கார்ந்துவிட்டால் மற்ற எழுத்துகள் தானாகக் கைக்கு வரும். அப்புறம் அடுத்த கட்டத்துக்குப் போக டேப், பின்னால் வர ஷிஃப்ட் டேப், பட்டனை அழுத்த ஸ்பேஸ், வேண்டாமென்று விலக எஸ்கேப், மூட ஆல்ட் எஃப்4. நோட்பேடில் பழகியதெல்லாம் வேர்டிலும் மெயிலிலும் அப்படியே ஓடியது.

இந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில், எழுதுவதற்கான சாஃப்ட்வேரான வேர்ட்ஸ்டாரில் சேமிக்க கண்ட்ரோல் கே, எஸ், அதே வேலைக்கான வேர்ட்பெர்ஃபெக்டில் எஃப்10. கணக்குத்தாள் சாஃப்ட்வேரான லோட்டஸ் 1-2-3-ல் மெனு வேண்டுமென்றால் சாய்கோடு. 1987-ல் ஐபிஎம் வெளியிட்ட, எல்லா சாஃப்ட்வேரும் ஒரே மாதிரி இயங்க வேண்டும் என்ற சியுஏ விதிகள்தான் உதவிக்கு எஃப்1, மெனுவுக்கு எஃப்10 என்று ஒரு பொதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தன. அதை எழுதியவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

என்விடிஏவில் இணையப் பக்கங்களைப் படிக்கும்போது ஹெச் (H) தட்டினால் அடுத்த தலைப்பு, டி (T) தட்டினால் அட்டவணை, பி (B) தட்டினால் பட்டன். கட்டணம் கட்டி வாங்கும் ஜாஸ் என்ற ஸ்க்ரீன் ரீடரிலும் இவை இப்படியே. அதனால் அலுவலகக் கணினியில் ஜாஸ் வந்தபோது மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கவில்லை.

திணறியது ஒரு ஆன்லைன் விண்ணப்பத்தில். பிறந்த தேதிக் கட்டத்துக்குள் போன டேப் வெளியே வரவே இல்லை. காலண்டரின் நாட்களையே சுற்றிச் சுற்றி வந்தது. எஸ்கேப் அழுத்தினாலும் காலண்டர் மூடவில்லை. இன்சர்ட் ஸ்பேஸ் அழுத்தி பக்கத்தை வரி வரியாகப் படிக்கும் பிரவுஸ் மோடுக்கு மாறி, கீழ் அம்புக்குறியால் இறங்கித் தப்பினேன். கடைசியில் 'சமர்ப்பி' பட்டன். பட்டன் மாதிரி வரைந்து வைத்த வெறும் கட்டம் அது. என்டருக்கும் அசையவில்லை, ஸ்பேஸுக்கும் அசையவில்லை. இன்சர்ட்டோடு நம்பர் பேடின் சாய்கோட்டை அழுத்தி மவுஸ் கர்சரை அங்கே வரவழைத்து, சாய்கோட்டை மட்டும் தனியாகத் தட்டி கிளிக் செய்தேன். பார்வை உள்ளவர்கள் ஒரு நொடியில் முடிக்கிற வேலை! இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் முறையான பட்டனைப் போட்டிருந்தால் என்டரும் ஸ்பேஸும் தாமாகவே வேலை செய்திருக்கும். டேப் இப்படிச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று 2008-ல் வந்த, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி 2.0 விதிகளிலேயே இருக்கிறது. இணையதளம் கட்டுகிறவர்கள் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தங்கள் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: என்விடிஏவில் இன்சர்ட்டோடு 1 அழுத்துங்கள். அதன்பின் எந்தக் கீயைத் தொட்டாலும் அதன் பெயரையும், என்விடிஏவில் அதற்கு வேலை இருந்தால் அதையும் சொல்லும், வேறெதுவும் நடக்காது. பயமில்லாமல் கீபோர்டு முழுக்கத் தடவிப் பழகலாம். மறுபடி இன்சர்ட் 1 அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். லேப்டாப்பில் இன்சர்ட் கீ எட்டாத மூலையில் இருந்தால் கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள செட்டிங்கில் வசதி இருக்கிறது.