அறுந்துபோன படச்சுருளும் பொய்கைக் கிணறும்

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுங்கள் என்று கேட்டபோதே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். ஆண்டுவிழா, விளையாட்டுப் போட்டி, விடுதிச் சாப்பாடு ஆகியவற்றை எப்படியும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எனக்கு வாய்த்தது ஒரு படச்சுருள். அதுவும் பாதியில் அறுந்துபோனது.

1986, ஆடி மாதம். வேலூரில் நம் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. பெரிய கூடத்தின் சன்னல்களில் விடுதிக் கம்பளிகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி. 16 மி.மீ. புரொஜெக்டர் தையல் இயந்திரம்போலச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. படம் ஆப்பிரிக்காவைப் பற்றியது, பேச்சு ஆங்கிலத்தில். விலங்கியல் சார் பக்கத்தில் நின்று உரத்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்தால் பாடத்தை நிறுத்திவிடுவார் என்பதால் நாங்கள் அவருக்குப் பல்லி சார் என்று பெயர் வைத்திருந்தோம். 1988இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

சிங்கம் வரிக்குதிரையை விரட்டியபோது நாங்கள் சிங்கத்துக்குக் கைதட்டினோம். அடுத்து ஒரு மஞ்சள் குருவி வந்தது. புல்லைக் கிழித்து முடிச்சுப் போட்டு, முதலில் ஒரு வளையம், பிறகு கவிழ்த்த சட்டிபோலப் பாதிக் கூடு.

“சார், இது நம் ஊர் தூக்கணாங்குருவி!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். பக்கத்துப் பொய்கை கிராமத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவன்.

“இது ஆப்பிரிக்கப் பங்காளி. நம்முடையது வேறு” என்றார் சார்.

பெண்குருவி ஒன்று கூட்டைப் பார்வையிட வந்தது. பட்டென்று படம் அறுந்தது. வேட்டியில் வெறும் வெளிச்சம். கூடம் முழுக்க ஊளை. சார் சுருளோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“அந்தக் கூடு அவளுக்குப் பிடித்ததா, இல்லையா?”

யாருக்குத் தெரியும்? “பொய்கையில் போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் கிளம்பினோம். நான்கு பேருக்குச் சொந்த சைக்கிள், மூன்று பேருக்கு வாடகை சைக்கிள். சார் தன்னுடைய பழைய ராலேயில் முன்னால் போனார். பொய்கை நண்பனின் மாமா நிலத்தில் ஒரு பெரிய கிணறு, அதன் மேல் சாய்ந்தாற்போல் மூன்று பனைமரங்கள். ஓலை நுனிகளில் கூடுகள் சுரைக்காய்போலத் தொங்கின. கீழே தண்ணீர் இருப்பதால் பாம்பும் அணிலும் எளிதில் அண்டாது என்றார் சார். பிறகு ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு.

அந்த ஒரு மணி நேரம் இன்றும் உடம்பில் இருக்கிறது. காலில் எறும்பு, கழுத்தில் வெயில். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகுதான் கண் பழகியது. ஆண்குருவி கரும்புத் தோகையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, அதைக் கவ்வியபடியே பறக்கும். தோகையிலிருந்து நீளமான நார் தானாகக் கிழிந்து வரும். எந்தப் படத்திலும் அவ்வளவு பக்கத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. பெண்குருவி வந்து ஒரு பாதிக் கூட்டுக்குள் நுழைந்து, நாரை இரண்டு இழு இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆண் சிறகை அடித்து அடித்துக் கூப்பிட்டும் அது திரும்பவில்லை. துணிக்கடையில் என் அம்மா புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து நடப்பது நினைவுக்கு வந்தது.

பெண்ணுக்குப் பிடித்துவிட்டால் ஆண் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும் என்று சார் சொன்னபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. உடனே பேச்சை மாற்றிக் கீழே விழுந்து கிடந்த ஒரு பழைய கூட்டைக் கையில் கொடுத்தார். மின்மினிப் பூச்சியைப் பிடித்துக் களிமண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்று சின்ன வகுப்பில் படித்திருந்தோமே! உள்ளே விரலை விட்டுத் தேடினேன். காய்ந்த களிமண் உருண்டைகள் இருந்தன. மின்மினி எதுவும் இல்லை.

“புத்தகம் ஒன்று சொல்கிறது. உன் விரல் என்ன சொல்கிறது?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது கொஞ்சம் சுற்றிப் பாலாற்று மணலில் இறங்கினோம். நம் ஊரைப் பற்றிய பழைய கேலி எல்லோருக்கும் தெரியும்: தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். “1981இல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டார். நான்கில் ஒன்று தீர்ந்தது. அரசன் நமக்கு வேண்டாம். மீதி இரண்டு?” என்று கேட்டுவிட்டுச் சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் நடந்தார்.

அதே ஆண்டு, பாகாயத்தில் ஒரு மருத்துவர் வீட்டில் வீடியோ கேசட்டில், இயற்கைப் படங்களை வழங்கும் டேவிட் ஆட்டன்பரோவைப் பார்த்தேன். 1979இல் பி.பி.சி. 13 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘லைஃப் ஆன் எர்த்’. ருவாண்டா மலையில் கொரில்லாக்கள் நடுவே அவர் உட்கார்ந்திருக்கும் காட்சியை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரலின் பயனைப் பற்றிப் பேசப் போனவர் அவற்றின் நடுவே கிசுகிசுப்பாகப் பேச வேண்டியதாயிற்று. அன்று அழிவின் விளிம்பில் இருந்த மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை இப்போது 1,000ஐத் தாண்டியிருக்கிறது. அந்தக் காட்சிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஆனால் அன்றாடம் காட்டுக்குள் காவல் நடந்தவர்களின் பங்குதான் பெரிது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இத்தகைய படங்களையே பார்த்து வளர்ந்தால் இயற்கை என்பது ருவாண்டாவிலும் அமேசானிலும் இருக்கும் ஒன்று, நம் ஊரில் இருப்பது வெறும் புதர் என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு வந்தது. போதாக்குறைக்கு, சிறகடிப்பு, எலும்பு கடிபடும் ஓசை போன்ற சத்தங்களில் பெரும்பகுதி பின்னர் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்படுவது என்று அறிந்த நாளில் ஏமாந்துபோனதாகவே உணர்ந்தேன். பொய்கையில் கேட்ட கீச்சொலி மட்டும் அசல்.

படத்தால் சட்டமே மாறியதும் உண்டு. குஜராத் கரையில் திமிங்கலச் சுறாக்கள் வேட்டையாடப்படுவதை ஆவணப்பட இயக்குநர் மைக் பாண்டே படமாக எடுத்தார், 2000இல் வெளிவந்தது. 2001இல் அந்த மீன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆனால் மீனவர் மனத்தை மாற்றியது வேறொன்று. மொராரி பாபு என்ற கதாகாலட்சேபப் பெரியவர் அவர்களிடம், இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளையா வெட்டுவீர்கள் என்று பேசினார். அதன் பிறகு வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க வலையையே அறுத்தவர்கள் உண்டு. பல்லி சாரும் எங்களுக்கு அதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். படத்தில் இருந்ததைக் கொண்டுவந்து பொய்கைக் கிணற்றில் கட்டிவிட்டார்.

படமே இல்லாமலும் நம் ஊரில் ஒன்று நடந்தது. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய இடம் உண்டு. சட்டம் படிக்கும் என் மகள் ‘வேலூர் வழக்கு’ என்று சாதாரணமாகச் சொன்னபோது, சிங்கப்பூர் சமையலறையில் நின்றபடி எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாலாறு தெளிந்துவிட்டதா என்று அவள் கேட்டாள். அதற்கு என்னிடம் பெருமைப்படும்படியான பதில் இல்லை.

இங்கே கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதுவது பிழைப்பு. மாதம் இரண்டு ஞாயிறு சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் சிறுவர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறேன். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியாவிலிருந்தெல்லாம் கரைப்பறவைகள் வரும். எல்லாச் சிறுவர்களும் கேட்பது முதலையைத்தான். நான் முதலில் சேற்றில் வாலாட்டி நடக்கும் உள்ளானைக் காட்டுகிறேன். குளிர்காலத்தில் நம் ஊர் ஏரிக்கரைகளுக்கும் வருகிற பறவை அது. பத்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்வேன். ஒரு மணி நேரம் கேட்டால் பெற்றோர் புகார் செய்துவிடுவார்கள்.

போன ஆடியில் விடுமுறைக்கு வந்தபோது நண்பனோடு பொய்கைக்குப் போனேன். இப்போது தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை அன்றுதான் நடந்ததுபோல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். பாதிக் கிணற்றைத் தூர்த்திருந்தார்கள். பனைகளில் ஒன்று மிஞ்சியிருந்தது. அதில் கவிழ்த்த சட்டிபோல ஒரே ஒரு பாதிக் கூடு, பக்கத்தில் மஞ்சள் தலையோடு ஓர் ஆண்குருவி. நாங்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் பேசவில்லை. பெண்குருவி வருவதற்குள் காட்பாடியில் எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்லடா என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.