பினாங்கில் சின்னத் தாத்தா வீட்டைத் தேடிய கதை

பினாங்குக்கு வேலைக்கு வரும் எங்கள் பக்கத்து ஆட்களில் பலருக்கு இங்கே ஏதாவது ஒரு சொந்தம் இருக்கும். எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் விசாரித்துப் பாருங்கள், "எங்க வீட்லயும் ஒருத்தர் பினாங்கு போனாரு" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் வீட்டிலிருந்து போனவர் தாத்தாவின் தம்பி. 1953ல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் இறுகுவதற்கு முன்பே, ரஜூலா கப்பலில் டெக் பயணியாக வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எழுபதுகளின் நடுவில் அவரிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சே ஒரு தினுசாகத்தான் இருக்கும். அவர் பங்கையும் சேர்த்துத் தாத்தா ஒரு புஞ்சையை விற்றார், அந்தக் கோபத்தில்தான் சின்னத் தாத்தா ஒதுங்கிவிட்டார் என்பது ஊர்க்கணக்கு.

பயான் லெப்பாசில் ஒரு மின்னணு ஆலையில் எனக்கு வேலை கிடைத்தபோது அப்பா அவருடைய கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். நீல நிற ஏர் மெயில் தாள். மடிப்பில் கிழிந்து, உள்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அனுப்பியவர் முகவரி குயின் ஸ்ட்ரீட், பினாங்கு. "கண்டுபிடிச்சா சொல்லு. ஆனா நிலம் அது இதுன்னு நீயா ஆரம்பிக்காத" என்றார். கண்டுபிடிக்கச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா என்பது எனக்கு விமானம் ஏறும் வரை விளங்கவில்லை.

நான் தேடிய விதத்தை எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டார்கள். எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

முகவரி உதவவில்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பல தெருக்களுக்கு இப்போது மலாய்ப் பெயர். குயின் ஸ்ட்ரீட் லெபு குயின் ஆகியிருக்கிறது, அது சுலபம். பிட் ஸ்ட்ரீட் என்று யாராவது பழைய கடிதத்தில் எழுதியிருந்தால் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று தேட வேண்டும். கூகுள் வரைபடம் சில சமயம் பழைய பெயரைக் கண்டுகொள்ளாது. உள்ளூர்ப் பெரியவர்கள் புதுப் பெயரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். டாக்சிக்காரர் நடுவயதுக்காரராக இருந்தால் உங்கள் பாடு கொண்டாட்டம்.

வீடு அங்கேயேதான் இருந்தது. இரண்டு மாடிக் கடைவீடு, முன்னால் அஞ்சடி என்கிற ஐந்தடி நடைபாதை, மேலே மரச் சன்னல்கள். உள்ளே மட்டும் சின்ன ஹோட்டல். வரவேற்பில் இருந்த சீனப் பெண்ணிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய சுவரை அப்படியே விட்டிருக்கிறோம், வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டேன். சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும் சுவர். அதற்குத்தான் இப்போது ஓர் இரவுக்கு நானூறு வெள்ளி, அதாவது ரிங்கிட்.

அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு விடை, தெருவில் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் சொற்ப வாடகைக்கு ஏழை எளியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 1997ல் அதை ரத்து செய்யச் சட்டம் வந்தது. சலுகைக் காலம் 1999 கடைசியோடு முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை எகிற, சனம் நகரத்தை விட்டுக் கிளம்பியது. 2008ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் ஏறியபோது, பட்டியலுக்குக் காரணமான வாழ்க்கையை வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேல் வெளியேறிவிட்டார்கள் என்று ஒரு பூக்கடைக்காரர் சொன்னார். அவருடைய கணக்கு சரியா என்பதை விடுங்கள், அவரே இப்போது புறநகரான ஆயர் ஈத்தாமிலிருந்துதான் பஸ் ஏறி வருகிறார்.

அரசு அலுவலகமும் உதவவில்லை, அது நியாயம்தான். இன்னொருவர் ஐசி, அதாவது அடையாள அட்டை விவரத்தை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் கேட்டதும் கொடுத்துவிடுவார்களா என்ன? இணையத்தில் பெயர் போட்டுத் தேடியதும் வீண். அந்தக் காலத்தில் குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஒரே முனியாண்டியை நாலைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அப்புறம் இங்கே நம்மைப் போல இனிஷியல் கிடையாது. தன் பெயர், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். தேடுவதாக இருந்தால் அந்த வரிசையில் தேடுங்கள்.

இதற்கு நடுவே நகரம் எனக்குப் பழகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சனி, ஞாயிறுகளில் என்ன செய்வது என்று தெரியாமல் ரேபிட் பினாங்கு பஸ்ஸில் ஏறி ஜார்ஜ் டவுனில் இறங்கிவிடுவேன். பிட் ஸ்ட்ரீட் ஒன்றிலேயே 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், தமிழ் முஸ்லிம்கள் 1801ல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833ல் கட்டியது. சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. மார்க்கெட் ஸ்ட்ரீட்டைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் கடைத்தெரு என்றுதான் சொல்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் சுவரோவியத்தில் இருக்கும் சைக்கிளோடு படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். எனக்கு அதைவிடத் துறைமுகம் பக்கம் இருக்கும் பழைய கிட்டங்கிகள், அதாவது சரக்குக் கிடங்குகள், பிடித்துப்போயின. துறைமுகக் கூலிகள் அங்கே கூட்டம் கூட்டமாக, ஊர்வாரியாகத் தங்கியிருந்தார்கள். ஓர் ஊர்க்காரர்கள் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்டு, சேர்ந்தே வேலைக்குப் போனார்கள்.

இந்த விவரம் எனக்கு ஒரு தகவலாகத்தான் மனதில் கிடந்தது. அதன் பலன் தைப்பூசத்தில்தான் தெரிந்தது.

பினாங்குத் தைப்பூசத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் கிளம்பித் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும். 2017லிருந்து மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் போகிறது. ரதம் வரும் பாதையில் தேங்காயை மலையாகக் குவித்து வைத்து உடைப்பார்கள், உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். தண்ணீர்மலை போகும் வழியில் ஜாலான் உத்தாமா நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். காதைப் பிளக்கும் பாட்டு, மோர், தயிர்ச்சோறு. முக்கியமான விஷயம் என்னவென்றால், நகரத்தை விட்டுப் போனவர்கள் எல்லாரும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். பட்டர்வொர்த், பிறை, சுங்கை பட்டாணி, கோலாலம்பூர் என்று எங்கே இருந்தாலும் சரி.

பழைய துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் நடத்தும் ஒரு பந்தலில் போய் நின்றேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் சின்னத் தாத்தா பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் இருபது பேர் இருந்தாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றப் போய்விட்டார். கிளம்பப் போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, "எந்த ஊரு? என்ன சாமி கும்புடுறவங்க?" என்றார். ஊரைச் சொன்னேன். ஊருக்கு மேற்கே கண்மாய்க் கரையில் இருக்கும் அய்யனாரைச் சொன்னேன். கையிலிருந்த செம்பை வாளிக்குள் போட்டுவிட்டார். சின்னத் தாத்தாவுக்குத் துறைமுகத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கிறது. அதைச் சொல்லி, "அவரு பேரனா நீ?" என்றார். பட்டப்பெயரை இங்கே எழுதினால் அவர் மகள், என் அத்தை, கோபித்துக்கொள்வார்.

ஆகவே தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயர், குலசாமி, பக்கத்து ஊர்ப் பெயர்கள், கண்மாய்ப் பெயர் வரை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கிட்டங்கியில் ஊர்வாரியாக வாழ்ந்தவர்களின் நினைவும் ஊர்வாரியாகத்தான் இருக்கிறது.

பந்தலிலேயே ஒரு கைப்பேசி எண் கிடைத்தது. சின்னத் தாத்தாவின் மகன், எனக்குச் சித்தப்பா முறை. அடுத்த நாள் பேசினேன். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் குரலில் ஒரு கதவு பாதிதான் திறந்திருந்தது. எங்கே வேலை, என்ன சம்பளம், பெர்மிட் எத்தனை வருஷம் என்று விசாரித்தார். நான் பணம் கேட்டு வரவில்லை என்பது உறுதியான பிறகுதான் பேச்சு இளகியது. தொண்ணூறுகளில் ஊர்க்காரர் ஒருவர் சொந்தம் என்று சொல்லி வந்து, கடன் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லையாம். இங்கே இவர்கள் நாம் காசு கேட்போம் என்று பயப்படுகிறார்கள், அங்கே நம் வீட்டில் இவர்கள் பங்கு கேட்பார்கள் என்று பயப்படுகிறார்கள். போனால் முதல் பேச்சிலேயே எதற்கு வந்தோம் என்று உடைத்துச் சொல்லிவிடுவது நல்லது. எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

அவர்கள் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், பிறையில் ஓர் அடுக்குமாடியில். படகுத்துறையிலிருந்து ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினேன், சித்தப்பா காரோடு நின்றார். வீட்டுக் கதவைத் திறந்தவர் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு சீன அம்மா. பக்கத்து வீடு போல என்று நினைப்பதற்குள், "வா மருமகனே, பசியாறிட்டியா?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து மலாயாவில் இது அபூர்வம் இல்லை. வறுமையில் இருந்த சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதும், தமிழர்கள் எடுத்து வளர்ப்பதும் நடந்ததுதான். சின்னத் தாத்தாவுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் இருந்தபோது கைக்குழந்தையாக வந்தவர்தான் கதவைத் திறந்த இந்த அத்தை. சித்தப்பா அதற்குப் பிறகு பிறந்தவர். கடிதங்களில் "மகள் சுகம், மகன் சுகம்" என்று மட்டும் இருந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அத்தை பேசும் தமிழ் எங்கள் அப்பத்தா தமிழ். சித்தப்பா பேச்சில் பாதி மலாய் கலந்திருக்கும், இவர் பேச்சில் கண்மாய், வரப்பு, கம்மாக்கரைக் காத்து எல்லாம் வரும். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

இட்லியும் சார்டின் சம்பாலும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்துவந்தார். உள்ளே எங்கள் தாத்தா எழுதிய கடிதங்கள், தபால் ஆபீஸ் மணியார்டர் ரசீதுகள், ரப்பர் பேண்ட் இற்று ஒட்டிக்கொண்ட ஒரு கட்டு. ரசீதுகளில் பென்சிலால் தமிழில் குறித்திருந்தது. அண்ணன், அம்மா மருந்து, கோயில் வரி. கோயில் வரி என்று வருஷத்துக்கு ஒன்று.

கடிதம் ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. அத்தையே சொன்னார். 1969ல் பினாங்கு சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. கப்பல்கள் குறைந்தன. அப்புறம் கொள்கலன் வந்தது, மூட்டை தூக்க ஆள் தேவைப்படவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று 1968ல் சட்டம் வந்ததால் சிவப்பு ஐசி வைத்திருந்த கூட்டாளிகள் பலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். சின்னத் தாத்தா குடிமக்களுக்கான நீல ஐசி வாங்கிவிட்டார், ஆனால் வேலை போய்விட்டது. "காசு வைக்காம வெறுங் கடுதாசி எப்படிப் போடுறதுன்னு அப்பா விட்டுட்டாரு. ஒரு மாசம் விட்டாரு, ரெண்டு மாசம் விட்டாரு. அப்பறம் போடவே வெக்கமாப் போச்சு." புஞ்சையைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு இரவு அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அத்தை முகத்தைப் பார்த்ததும் அப்பா ஒரு நொடி தடுமாறினார். அத்தை தாத்தா பெயரைச் சொல்லி, "எங்க பெரியப்பா மகனா?" என்று கேட்டதும் இருவரும் மாறிமாறி அழ ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் சித்தப்பாவுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, பந்துவிளையாட்டைப் பற்றிப் பேசினோம்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறையாவது அங்கே போய்விடுகிறேன். அடுத்த மாசி சிவராத்திரிக்கு அத்தையை ஊருக்கு அழைத்துப்போகும் ஏற்பாடு நடக்கிறது. சென்னைக்கு இங்கிருந்தே நேரடி விமானம் இருக்கிறது, மலேசியக் குடிமக்களுக்கு இ-விசா கிடைக்கிறது, அதெல்லாம் சிக்கல் இல்லை. சிக்கல் அத்தை போட்ட நிபந்தனை. எழுபதுகளில் நின்றுபோன கோயில் வரியை, விட்ட வருஷத்துக்கெல்லாம் சேர்த்துத் தானே கட்ட வேண்டும் என்கிறார். அப்பா ஊர்க் கூட்டத்தில் பேசினார். வரி என்பது தலைக்கட்டுக்கு, அது ஆண்வாரிசு பெயரில்தான் வரும், தம்பி பெயரில் எழுதிக்கொள்கிறோம், அக்கா கொடுப்பதை நன்கொடையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இளவட்டங்கள் சிலர் அத்தை பக்கம்.

நான் அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நன்கொடை அசலூர்க்காரன் குடுக்குறது. எனக்கு வரின்னு ரசீது வேணும், என் பேருல வேணும். ஒங்கப்பாகிட்டச் சொல்லு."

சொல்லிவிட்டேன். அப்பா மறுபடியும் கூட்டம் போடச் சொல்லி அலைந்துகொண்டிருக்கிறார்.